பள்ளி வாயிலும் பெற்றாரும்

யூபிலி மலர்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஓர் ஒழுங்கு புலனாகும். முதற்கண் தாபகர் படம். பின்னர் அதிபர்கள் வரிசை. அதன்பின் மண்டபத்துக்குப் பொருளுதவிய பழைய மாணவர் பெயர்கள். ஈற்றிலே துடுப்பாட்டக் குழு. இவ்வரிசையில் எவ்விடத்தும் காணப்படாத ஒரு கூட்டத்தார் உளர். அவரே மாணவரின் பெற்றார். காலையிலே பிள்ளையை உடுத்தி எமது கையில் ஒப்படைத்து, பிற்பகலில் மீளப் பெற்றுச் செல்லும் அவர்க்குப் பள்ளியில் உள்ள பங்கு யாது? அது வாயிற்கதவோடு முடிந்துவிடுகின்றதா? இவ்வினாவை இம்மலரிலே எழுப்புதல் பொருந்தும் எனக் கருதுகின்றோம்.

தமிழாசிரியர் எவரும் இலக்கியத்தைத் தொடாமல் ஒன்றைத் தொடங்குவதில்லை; வாசகர் பொறுத்தருள்க. புறநானூற்றின் 312ஆம் பாட்டிலே பொன்முடியார், ஓர் இளைஞன் உருவாதற்கு யார் யார் கடமைப்பட்டவர் எனக் கணக்கெடுக்கின்றார். பெற்று வளர்த்துத் தருவது தாயின் வேலை. நிறைந்த மனிதனாக்குவது தந்தையின் வேலை. படைக்கலம் செய்து கொடுப்பது கொல்லனின் வேலை. நல்வழி நிறுத்துவது அரசனின் வேலை. இக்கணக்கில் ஆசிரியருக்கு இடமில்லை. முதன்முதலாக இதனை வகுப்பிலே கற்பித்தபோது எமக்குச் சிறிது மனக்குறை உண்டாயிற்று என்பதை ஒளிக்கமாட்டோம். இன்றோ அந்நால்வரின் வேலையும் ஆசிரியர் தலையிலே ஏற்றப்பட்டுள்ளது. ஏற்றியவர் பெற்றார் மாத்திரம் அல்லர். எவர்க்கும் பங்கிட மனமின்றி வைத்துக்கொண்ட யாமும் அப்பழிக்கு உரியோம்.

யாழ்ப்பாணத்துச் சைவப்பள்ளிகள் ஊரின் கையால் எழுந்தவை. 1848இல் வண்ணார்பண்ணையிலே நாவலர் பெருமான் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது துணைநின்றது ஊராரின் கொடையே. பின்னர் ஊர்தோறும் எழுந்த பள்ளிகளுக்குக் காணி தந்தவர் ஒருவர். பனைமரம் தறித்துத் தந்தவர் ஒருவர். கிடுகு பின்னித் தந்தவர் பலர். உலையேற்றுமுன் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்துவைத்து அறப்பணிக்கு வழங்கிய வீடுகளும் இருந்தன. இதனைச் சொல்லுமிடத்து மற்றொன்றை மறைத்தலாகாது. ஊர் என்று யாம் பெருமையோடு கூறும் அதே ஊர், ஒருசாராரின் பிள்ளைகளை நிலத்தில் இருத்தியது. படலைக்கு வெளியே நிறுத்தியது. 1930ஆம் ஆண்டை அண்டிய காலத்திலே சமஆசனம் வழங்கப்பட்டபோது, அதனைப் பொறாது பள்ளிக் கொட்டில்களுக்குத் தீயிட்டவரும் எம்மவரே. ஆதலின் பெற்றாரின் பங்கு என்று பேசும்போது, எந்தப் பெற்றாரின் பங்கு என்ற வினாவும் உடன்வரல் வேண்டும்.

கன்னங்கரா அவர்கள் கல்வி மந்திரியாயிருந்த காலத்து, 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் நிறைவேறிய சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலன அரசின்கீழ் வந்தன. ஏழைப்பிள்ளைக்கு இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பவர் நன்றி மறந்தவராவர். எனினும் சிறுகச் சிறுக ஒரு பேச்சு நாவிலே ஏறிற்று. ‘எங்கடை பள்ளிக்கூடம்’ என்றவர் ‘கவர்மேந்துப் பள்ளிக்கூடம்’ என்னலாயினர். ஓடு உடைந்தால் திணைக்களத்துக்குக் கடிதம். வேலி சரிந்தால் திணைக்களத்துக்குக் கடிதம். மறுமொழி வருமுன் மழைகாலம் வந்துவிடும்.

பெற்றார்க்கு ஈடுபாடு இல்லை என்பார் கூற்றை யாம் ஏற்கமாட்டோம். ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை நாளிலே மதிலோரத்தில் வெயிலைப் பொருட்படுத்தாது நிற்கும் தாய்மாரைக் கண்டவர் அவ்வாறு கூறார். ஆயின் அவ்வீடுபாடு ஒரு பிள்ளைக்கும் ஒரு நாளுக்கும் ஒருசில புள்ளிகளுக்கும் உரியதாய்ச் சுருங்கிவிட்டது. எஞ்சியது காசு. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் என்றால் காசுக் கூட்டம் என்றே பெற்றார் விளங்கிக்கொள்கின்றனர். முன்வரிசைக் கதிரைகளில் வர்த்தகரும் உத்தியோகத்தரும் இருப்பர். கடைவாங்கிலே கூலிவேலைக்குச் செல்லும் தாய்மார் இருப்பர். தீர்மானம் முன்வரிசையிலே பிறக்கும், கடைவாங்கு கையுயர்த்தும்.

இவ்விடத்தில் எமது குற்றம் ஒன்றைக் கூறல் வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன், வேறொரு பள்ளியிலே யாம் கற்பித்த காலம். நண்பகலுக்குச் சற்று முன்னர், ஒன்பதாம் வகுப்பிலே பாடம் நடந்துகொண்டிருக்கையில் ஒரு தந்தை வந்து வாசலிலே நின்றார். சாரம் உடுத்திருந்தார், கையெல்லாம் இரும்புக்கரி. யாம் கதவைக் கடந்தும் செல்லவில்லை. ‘கூட்டத்திலே வந்து கதையுங்கோ’ என்றோம். ‘ஓம் சேர்’ என்று திரும்பினார். கூட்டம் வந்தது, அவர் வரவில்லை. அக்கறையில்லாத தகப்பன் என்று ஆசிரியர் ஓய்வறையிலே இருந்து சொன்னவரும் யாமே. அத்தவணை முடிவதன்முன் மகனும் பள்ளிக்கு வராதுவிட்டான்.

சில மாதங்களின்பின் எமது சைக்கிளின் கரியர் முறிந்து, தெருவோரத்து ஒட்டுவேலைக் கொட்டில் ஒன்றுக்குச் சென்றோம். அங்கே அவர் இருந்தார். மகன் அருகிலே சுத்தியலோடு நின்றான். வேலை முடிந்தபின் அவராகவே பேசினார். ‘வகுப்பிலை வாங்கு உடைஞ்சு பிள்ளையள் நிலத்திலை இருக்கிறதெண்டு இவன் சொன்னவன், சேர். ஒட்டித்தாறன் எண்டு சொல்லத்தான் அண்டைக்கு வந்தனான்.’ கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டோம். அவர் மறுமொழி சொல்லவில்லை, மகனே சொன்னான். முந்திய கூட்டத்திலே பணம் கட்டாதோர் பட்டியல் வாசிக்கப்பட்டதாம்; அதில் மூன்றாவது பெயர் அவருடையதாம். அப்பட்டியலை அழகிய கையெழுத்திலே எழுதிக்கொடுத்தவர் வேறொருவரும் அல்லர். கரியருக்கு அவர் கூலி வாங்கவில்லை. அவ்வாங்குகள் யாம் இடமாற்றம் பெற்றுப் போகும்வரை மண்டபத்தின் பின்னால் மழையிலே கிடந்தன.

பெற்றார் உள்ளே வந்தால் ஆட்சி செய்யத் தொடங்குவர் என்று எம்முடன் பணியாற்றுவோர் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. தன் மகனை எவ்வகுப்பிலே விடுவது, எவரை மாணவ தலைவராக்குவது, எந்த ஆசிரியரை இடமாற்றுவது என்பவற்றிலே கைவைக்கும் பெற்றாரை யாமும் கண்டுள்ளோம். பரீட்சையும் புள்ளியும் ஒழுக்க விசாரணையும் ஆசிரியர்க்கும் அதிபர்க்கும் உரியன. அவற்றிலே பெற்றார்க்கு இடமளித்தலாகாது. ஆனால் அத்தகைய பெற்றார் வாயிலைப் பார்த்தா உள்ளே வருகின்றனர்? தொலைபேசியிலே வருவர், அரசியல்வாதியின் கடிதத்தோடு வருவர். அடைத்த வாயில் தடுப்பது இரும்புக்கரி படிந்த கையையே.

கைகொடுக்கும் பெற்றாரை யாம் காணாமல் இல்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது யாம் மாணவராயிருந்தோம். மரநிழலிலும் பிற பள்ளிகளின் மாலைநேரத்திலும் வகுப்புகள் நடந்தன. கொட்டில் போட்ட தந்தையர் எவருடைய பிள்ளைக்கு என்று கேளாமலே தடி நட்டனர். எவரும் சுற்றறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. இன்றும் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு உணவு சமைத்துத் தரும் தாய்மாரைப் பல பள்ளிகளிலே காணலாம். அடுக்களை வழியே வந்து அடுக்களை வழியே மீளும் அவரை எவரேனும் வகுப்பறைக்கு அழைத்ததுண்டா? ஒரு தாய் தான் கேட்ட கதையொன்றை முதலாம் வகுப்பிலே அரைமணி நேரம் சொன்னால், எம் பாடநூல் நாணும்படி தமிழ் அங்கே நடமாடும்.

யாம் கேட்பது ஒரு தவணைக்கு ஓர் அரைநாள். கமக்காரர் பள்ளித் தோட்டத்தைப் பார்க்கட்டும். தையல் தெரிந்தவர் நாடகத்துக்கு உடுப்புத் தைக்கட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் சிறுவனோடு ஓய்வுபெற்ற பாட்டனார் ஒருவர் நூலகத்திலே இருக்கட்டும். தந்தை வெளிநாட்டிலிருக்கும் வீடுகளும், போரிலே கணவரை இழந்து தனித்து உழைக்கும் தாய்மாரின் வீடுகளும் எம்மிடையே பல. கிழமை நாளிலே பகல் இரண்டு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, அவர் வரவில்லை எனக் குறைகூறுதல் முறையன்று. அவர்க்கு அது ஒரு நாட்கூலி. ஞாயிறு பிற்பகலிலே வைத்தால் ஆசிரியர்க்கு ஓய்வு கெடும். கெடட்டும், தவணைக்கு ஒருமுறைதானே. பணம் கட்டாதோர் பட்டியலை எக்கூட்டத்திலும் வாசித்தலாகாது.

விழாவை ஒட்டி எமது கல்லூரி மண்டபத்துக்குப் புதிய கதிரைகள் வாங்கப் பழைய மாணவர் சங்கத்தார் எண்ணியுள்ளதாக அறிகின்றோம். மகிழ்ச்சியே. வாங்குமுன் விஞ்ஞானகூடத்தின் பின்புறம் குவிந்து கிடப்பனவற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. மாணவரின் தந்தையருள் இரும்புவேலையும் தச்சுவேலையும் தெரிந்தோர் யாவர் என்பதை வகுப்பாசிரியரிடம் கேட்டு அறியலாம். எமது வகுப்பிலே நால்வர் உளர். அவர்க்குக் கடிதம் எழுத யாம் ஆயத்தமாக இருக்கின்றோம்.