பெட்டை நாயைத் தெருவில் தள்ளினால் தொல்லை தீருமா?

தொழிலாளர் பத்திரிகையில் நாயைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நிறைய இருக்கிறது. ஊர் உறங்கும் நேரத்தில் வீதியில் நடப்பவர்கள் யார்? ராத்திரி ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் மில் தொழிலாளி. விடியுமுன் நடவுக்கும் களையெடுப்புக்கும் புறப்படும் பெண்கள். காரில் போகிறவரை நாய் துரத்தினால் அது கண்ணாடிக்கு வெளியேதான் நிற்கும். கடிபடுவது நடந்து போகிறவரின் கால்.

அந்த நேரத்தில் எட்டும் பத்துமாக நாய்கள் திரண்டு ஒன்றையொன்று குதறிக்கொண்டு வழியை அடைத்து நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கூட்டத்தின் நடுவே பெரும்பாலும் ஒரு பெட்டை நாய் இருக்கும். அது பருவத்துக்கு வந்திருக்கும். சண்டை அதற்காக நடக்கும். குறுக்கே வந்தவருக்குக் கடி விழும். உடனே என்ன சொல்கிறோம்? "சனியன் பிடித்த பொட்டை நாய், இதனால்தான் இத்தனையும்" என்கிறோம். சிறுவர்கள் கல்லெடுக்கிறார்கள். பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வீட்டில் பேசக் கூச்சப்படுகிற விஷயம் என்று இதைத் தள்ளி வைத்துவிட்டோம். தள்ளி வைத்ததன் பலனைத்தான் இன்று வீதியில் அனுபவிக்கிறோம்.

அந்தப் பெட்டை நாய் வீதிக்கு எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். குட்டி போட்ட வீட்டில் ஆண் குட்டிகளை அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கிப் போகிறார்கள். பெட்டைக் குட்டிகளை ஏறிட்டுப் பார்ப்பார் இல்லை. கண் திறந்து நடக்கத் தொடங்கியதும் அவற்றைச் சாக்கில் போட்டுக்கொண்டு போய் மில் சுவர் ஓரத்திலோ, சந்தைப் பேட்டையிலோ, சுடுகாட்டுப் பாதையிலோ விட்டுவிட்டு வருகிறார்கள். தொல்லை ஒழிந்தது என்று நினைக்கிறார்கள். ஒழியவில்லை. எச்சில் இலையிலும் இறைச்சிக் கழிவிலும் பிழைத்த குட்டி ஒரு வருஷத்துக்குள் பருவத்துக்கு வருகிறது. ஒரு ஈற்றுக்கு நாலு முதல் ஆறு குட்டி வரை போடுகிறது. அவற்றிலும் பாதி பெட்டையாக இருக்கும். ஒரு வீட்டுக்காரர் மூன்று வாரத் தொந்தரவுக்குப் பயந்து தள்ளிவிட்டதை ஊர் முழுவதும் வருஷக் கணக்கில் சுமக்கிறது.

ஆகவே பெட்டை நாயின் பருவத்தைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் தெரிந்துகொள்வது அவசியம்.

ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் பெட்டை நாய்க்கு முதல் பருவம் வரும். சிலவற்றுக்கு இன்னும் சற்றுத் தாமதமாகும். அதன்பின் சுமாராக ஆறேழு மாதத்துக்கு ஒரு தடவை வரும். "மார்கழி மாதத்து நாய்" என்று ஏசுவதைக் கேட்டுவிட்டு, மற்ற மாதங்களில் கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. வீட்டில் வளரும் நாய்க்கு எந்த மாதத்திலும் பருவம் வரலாம்.

ஒரு பருவம் ஏறக்குறைய மூன்று வாரம் நீடிக்கும். முதலில் பிறப்புறுப்பு வீங்கும், இரத்தம் கசியும், நாய் அடிக்கடி சிறுநீர் கழிக்கும். அந்தச் சிறுநீரின் வாசனையே வெகுதூரத்து ஆண் நாய்களுக்கும் செய்தி சொல்லிவிடும். ஆண் நாய்கள் வாசலில் கூடும். ஆனால் சுமார் முதல் ஒன்பது நாள் பெட்டை அவற்றை அண்ட விடாது. சீறிக் கடித்துத் துரத்தும். பிறகு இரத்தம் வெளிறி, வைக்கோல் நிறமாகும். இணை சேரும் காலம் அப்போதுதான் தொடங்குகிறது. அதுவும் சுமார் ஒன்பது நாள் இருக்கும். இந்தக் கணக்கு நாய்க்கு நாய் கூடும், குறையும்.

பெரும்பாலோர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இரத்தம் நின்றது, ஆபத்து நீங்கியது என்று கட்டை அவிழ்த்து விடுகிறார்கள். ஆபத்து தொடங்கும் நாளில் அவிழ்த்து விடுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. ஏறத்தாழ 63 நாளில் திண்ணையடியில் குட்டிகள் முனகும்போதுதான் தெரிகிறது. இரத்தம் கண்ட நாளைச் சுவரில் கரிக்கோடு போட்டுக் குறித்து வையுங்கள். அன்றிலிருந்து நாலு வாரம் முடியும் வரை அவிழ்க்காதீர்கள்.

"தனி அறையில் பூட்டி வையுங்கள்" என்று படித்தவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். லைன் வீட்டில் தனி அறை ஏது? ஒரே அறையில் அடுப்பும் படுக்கையும் இருக்கிற குடும்பத்துக்கும், சுற்றுச்சுவரே இல்லாத குடிசைக்கும் அந்த யோசனை உதவாது. நமது வீடுகளுக்குப் பொருந்துவதைச் சொல்கிறோம்.

முதலாவது, நாயை வாசலில் கட்டாதீர்கள். வாசலில் கட்டிய பெட்டை நாய் ஓடித் தப்பவும் முடியாது. வருகிற ஆண் நாய்களை விரட்டவும் முடியாது. பகலில் வீட்டு ஆட்கள் கண்பார்வையில் புழக்கடையில் இருக்கட்டும். இரவில் கதவுக்கு உள்ளே இருக்கட்டும்.

இரண்டாவது, வெளியே கொண்டுபோகும்போது கயிற்றைக் கையில் பிடித்தபடி, தெருநாய் நடமாட்டம் குறைந்த நேரத்தில் கொண்டுபோய் உடனே திரும்புங்கள். குழந்தைகள் கையில் கயிற்றைக் கொடுக்க வேண்டாம். ஆண் நாய்கள் பாய்ந்தால் குழந்தைதான் நடுவில் அகப்படும். வாசற்படியில் சிறுநீர் பட்டால் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

மூன்றாவது, கையில் கிடைத்ததையெல்லாம் பூசாதீர்கள். மண்ணெண்ணெய், பினாயில், மிளகாய்த்தூள் ஆகியவற்றைத் தடவினால் வாசனை போகும் என்று சொல்வோர் பேச்சைக் கேட்கக் கூடாது. தோல் வெந்து போகும், நக்கினால் நஞ்சாகும். பழந்துணி கட்டுவது தரையில் கறை படாமல் காக்கும். ஆண் நாயைத் தடுக்காது. பெண்கள் சாப்பிடும் கருத்தடை மாத்திரையை நாய்க்குக் கொடுப்பதும் தவறு. கருப்பையில் சீழ் பிடித்து நாய் செத்துப்போக நேரும்.

நாலாவது, இணைந்து நிற்கும் நாய்களை அடித்துப் பிரிக்காதீர்கள். பத்து நிமிஷம் முதல் அரை மணி வரை அவை பிரிய முடியாமல் நிற்பது இயற்கை. கல்லெறிந்தாலும் கொதிநீர் ஊற்றினாலும் இரண்டுக்கும் உள்ளே காயம் படும். வலியில் நிற்கும் நாய், பக்கத்தில் வருகிறவரைக் கடிக்கும். விரும்பாத சேர்க்கை நடந்துவிட்டால் சில நாட்களுக்குள் கால்நடை டாக்டரிடம் சொல்லி யோசனை கேளுங்கள்.

இனி ஆண் நாய் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. "என்னுடையது ஆண் நாய், எனக்கு என்ன வந்தது?" என்று அவர்கள் இருக்கிறார்கள். சாயங்காலம் அவிழ்த்து விட்டால் காலையில் காது கிழிந்து திரும்பி வரும். மஞ்சள் வைத்துக் கட்டுகிறார்கள். இடையில் அது எத்தனை பேரை வழிமறித்தது, எத்தனை குட்டிகளுக்குக் காரணமாயிற்று என்று கேட்பதில்லை. தெருவில் ஒரு வீட்டுப் பெட்டை பருவத்துக்கு வந்துவிட்டால் அந்த வீட்டார் அக்கம்பக்கத்துக்குச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் தங்கள் ஆண் நாய்களை மூன்று வாரமும் கட்டி வைக்க வேண்டும். புழக்கடையில் வேலி உள்ள ஒரு வீட்டார் தெருவுக்குப் பொதுவாக இடம் கொடுக்கலாம். ஒருவர் வேலைக்குப் போனால் மற்றவர் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளையே அப்படித்தானே வளர்க்கிறோம்? ஒற்றைக் குடும்பத்தால் முடியாதது ஐந்து குடும்பத்தால் முடியும்.

இவையெல்லாம் பருவத்துக்குப் பருவம் செய்யும் காவல். நிரந்தரப் பரிகாரம் கருத்தடை ஆபரேஷன். ஆபரேஷன் ஆன பெட்டை பருவத்துக்கு வருவதில்லை. வாசலில் ஆண் நாய்கள் கூடுவதில்லை. கருப்பையில் சீழ் பிடிக்கும் நோயும் வராது. "ஒரு ஈற்றாவது போட்டால்தான் நாய்க்கு நல்லது" என்பதற்கு ஆதாரம் இல்லை. "காவல் காக்காது" என்பதும் வீண் பேச்சு. அந்நியனைக் கண்டு குரைப்பதற்கும் கருப்பைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பருவம் நடக்கும்போது இரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும். ஆகையால் பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வதே நல்லது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

செலவுக்கு எங்கே போவது? இந்தக் கேள்வியில்தான் சர்க்காரின் கடமை வருகிறது. மத்திய சர்க்கார் 2001-இல் தெருநாய்க் கருத்தடைக்கு விதிகள் செய்தது. 2023-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகளை வெளியிட்டது. அந்த விதிகளின்படி வீட்டு நாய்க்கு உடையவர் பொறுப்பு. தெரு நாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்ய வேண்டிய பொறுப்பு உள்ளாட்சி மன்றத்துடையது. எத்தனை முனிசிபாலிட்டிகளில், எத்தனை பஞ்சாயத்துகளில் ஆபரேஷன் கூடமும் டாக்டரும் வண்டியும் இருக்கின்றன? ஒவ்வொரு ஊராரும் தங்கள் ஊரைப் பார்த்துப் பதில் சொல்லட்டும்.

"பேசாமல் கொன்றுவிட்டால் என்ன?" என்று கோபத்தில் சிலர் சொல்கிறார்கள். கடிபட்டவரின் கோபம் நமக்குப் புரிகிறது. ஆனால் அதையும் செய்து பார்த்தாயிற்று. சென்னை மாநகராட்சி பல பத்தாண்டுக் காலம் நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. நாய்கள் குறைந்தபாடில்லை. கொன்ற இடத்துக்கு வேறு நாய்கள் வந்தன. மிஞ்சிய பெட்டைகள் குட்டி போட்டன. கருத்தடையே வழி என்று ப்ளூ கிராஸ் அமைப்பு 1964-இலேயே சொன்னது. 1996-இல்தான் அந்த வேலை சென்னையில் தொடங்கிற்று. நடுவில் போன 32 வருஷத்தை யார் திருப்பித் தருவார்?

2025 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் டில்லி வட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லிற்று. ஆகஸ்ட் 22-இல் அதைத் திருத்தி, வெறிபிடித்தவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்தில் விடச் சொல்லிற்று. நவம்பர் 7-இல், பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றது. எங்கே விடுவது என்ற வாதம் எப்படி முடிந்தாலும் சரி, பெட்டைகளுக்குக் கருத்தடை நடக்காத ஊரில் குட்டிகள் பிறந்துகொண்டேதான் இருக்கும்.

இது உயிர் போகிற விஷயம் என்பதையும் மறக்க வேண்டாம். வெறிநோயால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் சாவதாக மதிப்பிடுகிறார்கள். மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்கு 99 நாயால் வருவது. அறிகுறி தோன்றிய பின் பிழைப்பவர் அநேகமாக இல்லை. கடிபட்டால் சுண்ணாம்பும் மிளகாயும் வைக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். அன்றே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்; அங்கே ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாளும், பிறகு 3, 7, 28-ஆம் நாட்களும் போட வேண்டும். ஆழமான காயத்துக்கு அதோடு வேறு ஒரு மருந்தும் செலுத்துவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். நாலு நாள் கூலி போகிறதே என்று இடையில் நிறுத்தாதீர்கள்.

செய்ய வேண்டியவை இரண்டு. வீட்டில், பெட்டைக் குட்டியைச் சாக்கில் கட்டும் வழக்கத்தை இன்றோடு விடுவோம். வளர்க்கிற நாய்க்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்வோம். ஊரில், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் எழுந்து நின்று கேட்போம்: கால்நடை ஆஸ்பத்திரியில் இலவசக் கருத்தடைக்கு நாள் குறி; தெருநாய்களுக்கு ஊசி போடு; கடிக்கு மருந்து எப்போதும் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும்; சந்தைக் கழிவை அன்றன்றே அள்ளு; மில் ரோட்டில் விளக்குப் போடு! டவுனில் இருப்போர் இதே கோரிக்கைகளோடு முனிசிபாலிட்டி வாசலுக்குப் போகட்டும். பேச்சோடு விடாமல் எழுதிக் கொடுத்து, தீர்மானமாகப் பதியச் செய்து, அடுத்த கூட்டத்தில் கணக்குக் கேளுங்கள். ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறவர் கையில் கல் இல்லாமல் வீடு வந்து சேரும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.