மீன் மாண்ட தொட்டியும் கிணற்றடி வாளியும்

நமது கமக்காரர் இல்லங்கள் சிலவற்றில் நீர்த்தாவரங்கள் நட்ட கண்ணாடித் தொட்டிகளை இப்பொழுது காண்கின்றோம். பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காக வைத்திருப்போரும் உளர். கப்பி முதலிய அலங்கார மீன்களைப் பெருக்கி விற்றுச் சிறு வருவாய் தேடுவோரும் உளர். இத்தொட்டிகளில் மீன்கள் மாண்டு மிதக்கும்பொழுது, "நேற்று நன்றாகவே நீந்தின, காரணம் தெரியவில்லை" என்பதே எங்கும் கேட்கும் சொல்லாகும். ஒழுங்காகத் தேடாமையினாலேயே பெரும்பாலான சாவுகள் காரணமற்றவைபோலத் தோன்றுகின்றன என்பது எனது துணிபு.

இத்தவற்றை நானும் செய்தவன். சென்ற சிறுபோகத்தின்போது ஒரு கமக்காரர் தமது தொட்டியைப் பார்க்கும்படி என்னை அழைத்தார். பிற்பகலில் புதுநீர் ஊற்றியபின், இருட்டுமுன்னரே சிறிதும் பெரிதுமாகிய மீன்கள் யாவும் மாண்டிருந்தன; சிற்றிறால்களும் தப்பவில்லை. தாவரங்களோ பசுமை குன்றாது நின்றன. தாவரம் செழித்திருப்பதால் நீரில் குற்றமில்லை என்று எண்ணி, நோயென முடிவுகட்டி, உப்பு நீரால் தொட்டியைக் கழுவுமாறு கூறி வந்தேன். அடுத்த வாரம் விட்ட மீன்களும் அவ்வாறே இறந்தன.

பின்னரே அவ்வீட்டு அம்மா கிணற்றடியிலிருந்த வாளியைச் சுட்டிக்காட்டினார். மிளகாய்த் தோட்டத்துக்குப் பூச்சிநாசினி கலந்த வாளியே தொட்டிக்கும் நீர் சுமந்திருந்தது. புதுக்குடத்தில் அள்ளிய நீரை ஒரு பாத்திரத்திலும், அவ்வாளியில் அள்ளிய நீரை மற்றொன்றிலும் வைத்து இரண்டிரண்டு மீன்களை விட்டோம். குடத்து நீரில் விட்டவை நீந்தின. வாளி நீரில் விட்டவை மாலைக்குள் மாண்டன. கன்றுக்குட்டிக்கு நீர் வைப்பதும் அதே வாளியால் என்று அறிந்தபோது யாவரும் வாயடைத்து நின்றோம்.

ஆகவே, மீன் இறந்தால் முதலில் வினவவேண்டியது, எப்பொழுது, எவை, எத்தனை என்பதாகும். விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய்திறந்து மூச்சுவாங்கி, பெரியவை முதலில் இறப்பின், ஒட்சிசன் குறைவையே ஐயுறல் வேண்டும். தாவரங்கள் பகலொளியில் ஒட்சிசனை வெளிவிடுகின்றன. இரவிலோ அவையும் மீன்களைப்போலவே ஒட்சிசனை உட்கொண்டு காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றன. ஆதலால் விடியுமுன்னரே நீரில் ஒட்சிசன் மிகக் குறைந்திருக்கும். நீர் வெப்பமானால் இக்குறை மேலும் பெருகும்: 20 பாகை சதம அளவையில் ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும், 30 பாகையில் 7.5 மில்லிகிராமே கொள்ளும். மீன்களைக் குறைத்தலும், அழுகும் இலைகளை அகற்றலும், இரவில் நீர்மேற்பரப்பு அசையுமாறு காற்றூட்டலும் இதற்குப் பரிகாரமாகும். தாவரங்களுக்கெனக் காபனீரொட்சைட்டு செலுத்துவோர் இரவில் அதனை நிறுத்துதல் வேண்டும்.

தொட்டி புதியதாயின் அமோனியாவை ஐயுறுக. மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அமோனியாவாகின்றன. அதனை ஒருவகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும், வேறுவகை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முன்னைய இரண்டும் மீனுக்கு நஞ்சு. இறுதியானது மிகுந்தாலன்றித் தீங்கு செய்யாது. இப்பற்றீரியாக்கள் புதுத்தொட்டியில் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லும். அதற்குள் மீன்களை நிறைத்து உணவை வாரியிறைப்பது, வேர்கொள்ளாத நாற்றுக்கு மேலுரம் இடுவதை ஒக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணற்று நீர்போன்ற காரநீரில் அமோனியாவின் நஞ்சு மிகக் கடுமையாகும். 25 பாகை வெப்பத்தில், பீ.எச். 7 ஆயின் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே நஞ்சு வடிவிலிருக்கும், பீ.எச். 8 ஆயின் அது ஏறக்குறைய ஐந்து பங்காகும்.

தாவரம் செழிக்கட்டும் என்று ஒரு சிட்டிகை யூரியாவைத் தொட்டியிலிடும் கமக்காரரையும் கண்டிருக்கிறேன். வயலுக்கு உதவும் யூரியா தொட்டியில் அமோனியாவாகி மீன்களைக் கொல்லக்கூடும். இனி, நகரக் குழாய்நீரை அன்றே ஊற்றுவோர் அதிலுள்ள குளோரீனை நினைத்தல் வேண்டும். திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்து ஊற்றுவது நன்று.

நாளுக்கொன்றிரண்டாக, ஒரே இனத்து மீன்கள், உடலில் புள்ளியோ புண்ணோ காட்டி இறப்பின், அப்பொழுதே நோயை எண்ணல் தகும். காரணமறியாது மருந்தூற்றுவது நன்மைசெய் பற்றீரியாக்களையும் அழித்து இரண்டாவது சாவுக்கு வழிவகுக்கும்.

யாவும் சில மணி நேரத்துள் ஒருங்கே மாண்டு, தாவரம் மட்டும் வாடாது நின்றால், நஞ்சையே தேடுதல் வேண்டும். பூச்சிநாசினிகள் பல பூச்சியின் நரம்பைத் தாக்குபவை, தாவரத்துக்கு நரம்பில்லை. பைரத்திரொயிட்டு வகை நாசினிகள் மிகச் சிறிய அளவிலும் மீனைக் கொல்லும். பங்கசுநாசினியிலுள்ள செம்பு மீனுக்கும் நத்தைக்கும் ஆகாது. மருந்து தெளித்த கையைக் கழுவாது தொட்டியில் இட்டாலும் கேடு நேரும்.

நெல்லுக்கும் மிளகாய்க்கும் ஆலோசனை கூறுபவனுக்கு மீன்தொட்டியில் என்ன அலுவல் என்று சிலர் வினவலாம். வயலில் நாமிடும் நைத்திரசனும் நாம் தெளிக்கும் நாசினியுமே அத்தொட்டியில் விளக்கமாகத் தெரிகின்றன. கால்வாயிலும் குளத்திலும் அவை பரந்து மறைகின்றன. சிறு தொட்டியில் மறைவதற்கு இடமில்லை. மீன் இறந்ததைச் சில ரூபா நட்டமென்று ஒதுக்குவோர், அந்நீரின் வழியையும் அதனை வேறு யார் அருந்துகின்றனர் என்பதையும் வினவாது விடுகின்றனர். இதுவே எனது கவலை.

கமக்காரர்களே, நாசினி கலக்கும் வாளிக்குச் சிவப்பு நிறம் பூசிக் கிணற்றடிக்கு அப்பால் வேறாக வையுங்கள். தெளிகருவியைக் கிணற்றருகிலும் வாய்க்காலிலும் கழுவாதீர்கள். தொட்டியருகே ஒரு கொப்பியை வைத்து, நீர் மாற்றிய நாள், உணவின் அளவு, தோட்டத்தில் மருந்து தெளித்த நாள், இறந்த மீனின் தொகை ஆகியவற்றை எழுதி வாருங்கள். ஐயம் நேர்ந்தால் நீரில் பாதியை நல்ல நீரால் மாற்றி, பின் ஒரு வேளைக்கு ஒன்றையே திருத்திப் பாருங்கள். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது குணம் தந்தது என அறிய முடியாது. அடுத்த முறை மீன் மிதக்குமாயின், மருந்துக் கடைக்குச் செல்லுமுன் கிணற்றடிக்குச் சென்று வாளியைப் பாருங்கள்.