பாரையை விட்டது யார் காசில?

திருகோணமலையில் விளையாட்டு மீன்பிடிக்குப் பருவம் பங்குனி தொடக்கம் புரட்டாதி வரை எண்டு விளம்பரங்களில் போட்டிருக்கும். பிழையில்லை. ஐப்பசிக்குப் பிறகு வாடை தொடங்கினால் கிழக்குக் கடல் சின்னப் போட்டுகளை விடாது. அப்ப தூண்டிலோட வாற வெளிநாட்டுக்காரர் கற்பிட்டி, நீர்கொழும்புப் பக்கம் போயிடுவினம், அங்க அதுதான் அமைதிக்காலம். போட்டுக்கார அண்ணைக்கு அப்பிடிக் கரை மாறேலாது.

போன ஆனியில் நாங்கள் அஞ்சு பேர் காசு சேர்த்து, ஒரு விடுதி மூலமா ஃபைபர் போட் ஒண்டு பிடிச்சம். விடியக் கடல் எண்ணெய் ஊத்தின மாதிரிக் கிடந்தது. அண்ணை "பத்து மணிக்குள்ள திரும்பவேணும் தம்பிமார்" எண்டார். எங்களுக்குக் கோபம். முழு நாளுக்கல்லோ காசு குடுத்தது?

ஆனி, ஆடியில் கச்சான் தரையிலிருந்து கடலைப் பாத்து வீசும். அதால கரையோரத்தில் அலை எழும்பாது. வெளியில போகப் போகத்தான் அடி தெரியும், திரும்பி வரேக்க காற்று நேரே முகத்தில். நாங்கள் போனில பாத்தது கரையை. அவர் பாத்தது திரும்பி வாற பாதையை.

திருகோணமலையில் ஆழம் தேடி வெகுதூரம் ஓடவும் தேவையில்லை. கொட்டியாரக் குடாவிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குது. ரெண்டு மணித்தியாலம் ஒண்டும் கடிக்கேல்லை. பிறகு ரெண்டு சூரை, ஒரு அறக்குளா. கடைசியாப் பாறையடியில் பொப்பருக்கு ஒரு பாரை அடிச்சுது. இருபது கிலோ எண்டார் அண்ணை. (ஊரில சொல்லேக்க முப்பதாக்கீட்டம்.) படம் எடுத்தம், விட்டம்.

அண்ணை அது போன பக்கத்தைக் கொஞ்சநேரம் பாத்துக்கொண்டு நிண்டார். பிறகு, "இண்டைய எண்ணெய்க் காசு நீந்திப் போகுது" எண்டு சிரிச்சார்.

விட்டது சரி எண்டுதான் இப்பவும் நினைக்கிறம். பெரிய பாரைதான் கூட முட்டையிடும். விடுறதெண்டால் மூண்டு கொக்கியைக் கழட்டி ஒற்றைக் கொக்கி போடவேணும், எதிர்முள்ளை நசுக்கவேணும், கனநேரம் வெயிலில வைச்சுப் படம் எடுக்கக்கூடாது. எல்லாம் சரி. ஆனா மீன் வித்துச் சீவிக்கிற ஒருத்தரின் போட்டில நிண்டு மீனை விடுறது எங்களுக்குச் செலவில்லாத நல்ல காரியம். செலவு அவருக்கு. விடச் சொல்லுறவை அந்த மீனின் விலையையும் கூலியில் சேர்த்துக் குடுக்கவேணும். வாடை மாதங்களுக்கும் அந்தக் கூலியில் கொஞ்சம் மிஞ்சவேணும். கடலை வாசிக்கத் தெரிஞ்ச ஆளை வெறும் ஓட்டியாக் கணக்கெழுதுறதும் நிக்கவேணும்.

நாங்கள் விடுதிக்குக் கட்டினதில் தனக்கு வந்தது எவ்வளவு எண்டு அண்ணை சொன்னார். அந்தத் தொகையை இங்க எழுத எங்களுக்கு வெட்கமாக் கிடக்கு.

ஒன்பதரைக்குத் திரும்பினம். பத்தேகாலுக்குக் கடல் வெள்ளை வெள்ளையா நுரைச்சுது. அறக்குளாவை அவரே கரையில வெட்டித் தந்தார். இந்தப் பங்குனிக்கு நேரே அவருக்கே போன் எடுக்கிறதெண்டு முடிவு.