கிரீன்லாந்து: பிறந்த இடம் பார்த்துச் சம்பளம்

கிரீன்லாந்தை அமெரிக்கா வாங்குமா, டென்மார்க் விடுமா என்றே ஊடகங்கள் விவாதிக்கின்றன. அங்கே வாழும் சுமார் 56,000 பேரின் குரல் அதில் அமுங்கிப்போகிறது. அவர்களில் பெரும்பான்மையோர் இனுயிட் மக்கள். தீவின் ஐந்தில் நான்கு பங்கு பனி. ஏற்றுமதியைத் தாங்குவது மீனும் இறாலும்.

1953-இல் காலனி என்ற பெயர் போய், கிரீன்லாந்து டென்மார்க்கின் ஒரு பகுதியானது. ஆனால் 1964-இல் வந்த சட்டம், ஒரே வேலை பார்த்தாலும் அங்கே பிறந்த அரசு ஊழியருக்குக் குறைந்த சம்பளம் என்றது. கூலியைத் தீர்மானித்தது பிறப்புதான். 1960, 70களில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் கருத்தடைச் சாதனம் பொருத்தினார்கள். பலரிடம் ஒப்புதலே கேட்கவில்லை. டென்மார்க் மன்னிப்புக் கேட்டது 2025-இல்தான்.

2009 தன்னாட்சிச் சட்டம் அவர்களைச் சுயநிர்ணய உரிமையுள்ள மக்களாக ஏற்றிருக்கிறது. தோழர்களே, அந்த மண்ணின் கனிமக் கணக்கைப் பேசுமுன் அந்த உரிமையைப் பேசுவோம்.