மனு என்ன ஆயிற்று?

கோவையில் இருந்து சிறுவாணி போகும் சாலையில் பூலுவப்பட்டி இருக்கிறது. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உண்டு.

விடிந்ததும் ஆண்கள் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குக் கிளம்புகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பேச்சிலே கொங்குத் தமிழ் கலந்துவிட்டது. "ஏனுங்க" என்று கூப்பிட்டால், எந்த ஊர்ப் பிள்ளை என்று கண்டுபிடிக்க முடியாது!

அவர்களுக்கு ரேஷன் உண்டு. மாதாமாதம் உதவிப் பணம் உண்டு. ஆனால் ஓட்டு இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் இல்லை. சர்க்கார் உத்தியோகம் இல்லை. ஏன்? அவர்கள் இந்தியப் பிரஜைகள் அல்ல.

"அப்படியானால் மனுப் போட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். போட்டார்கள். இவர்களில் சிலரின் தாத்தாவே போட்டார்! அந்தக் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அண்ணன் பிரஜை, தம்பி அகதி

வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டு ஏழைகள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். காட்டைத் திருத்தினார்கள். கொழுந்து பறித்தார்கள். 1948-ல் இலங்கை ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதனால் அவர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் பிரஜை இல்லாமல் போனார்கள்.

1964 அக்டோபர் 30-ந் தேதி லால்பகதூர் சாஸ்திரியும், சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஒப்பந்தம் செய்தார்கள். இப்படி இருந்தவர்கள் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர். இதில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது என்றும், 3 லட்சம் பேரை இலங்கை ஏற்பது என்றும் முடிவாயிற்று. மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். 10 வருஷம் கழித்து, 1974-ல், ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதர்களைப் பாகம் பிரித்த கணக்கு இது!

எல்லாவற்றையும் 15 வருஷத்தில் முடிப்பதாகப் பேச்சு. முடியவில்லை. 1980-களின் நடுவிலும் பல ஆயிரம் மனுக்கள் தீராமல் கிடந்தன.

காகிதம் சீக்கிரம் நகர்ந்தவர்கள் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தார்கள். அவர்களுக்காகவே 1968-ல் தமிழ்நாடு சர்க்கார் தேயிலைத் தோட்டம் போட்டது. அதுதான் "டான்டீ". நீலகிரியிலும், நம் வால்பாறையிலும் அவர்களுக்கு வேலை கிடைத்தது. அவர்கள் இந்தியப் பிரஜைகள்.

காகிதம் நகராதவர்கள் அங்கேயே காத்திருந்தார்கள். 1983-ல் கலவரம் வந்தது. வீடுகள் எரிந்தன. 1984-ல் கப்பலும் நின்றது. உயிர் பிழைத்தால் போதும் என்று படகு ஏறி வந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த பெயர் அகதி!

கோத்தகிரியில் அண்ணன் ஓட்டுப் போடுகிறார். பவானிசாகர் முகாமில் தம்பிக்கு ஓட்டு இல்லை. ஒரே வயிற்றுப் பிள்ளைகளை இப்படிப் பிரித்து வைத்தது எது? ஆபீசில் காகிதம் நகர்ந்த வேகம்தான்.

"மேலே அனுப்பியாச்சு!"

"பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர்கள், சட்டம் இடம் கொடுக்காது" என்பது ஒரு பதில். உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் வரிசையில் நிற்பானா? மேலும் இவர்கள் ஒளிந்து வந்தவர்கள் அல்ல. சர்க்காரே பெயரைப் பதிந்து, சர்க்காரே இடம் கொடுத்து வைத்திருக்கிறது. 2021-ல் தமிழ்நாட்டு முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கணக்கு இருக்கிறது.

சட்டம் இடம் கொடுத்தவர்களுக்கே என்ன நடந்தது? 1987 ஜூலை 1-ந் தேதிக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் இந்தியப் பிரஜை. மண்டபம் முகாமில் 1986-ல் ஒரு பெண் பிறந்தார். அவருக்குப் பாஸ்போர்ட் கொடு என்று ஐகோர்ட் மதுரைக் கிளை உத்தரவு போட்டது 2022-ல். அதற்குள் அவருக்கு வயது 36!

எல்லோருக்கும் பிரஜா உரிமை கொடுத்தே தீரவேண்டுமா என்பது பெரிய விவாதம். இலங்கைக்கே திரும்ப நினைப்பவர்களும் முகாம்களில் உண்டு. ஆனால் மனுவுக்குப் பதில் சொல்வதில் என்ன விவாதம்? "உண்டு" என்றால் ஒரு வழி. "இல்லை" என்றால் கோர்ட்டுக்காவது போகலாம். "மேலே அனுப்பியாச்சு" என்றால் மனுதாரர் எங்கே போவார்? ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். இங்கே கஞ்சி ஆறி மூன்று தலைமுறை ஆகிவிட்டது.

கெடு வைக்க முடியாது என்பதும் சரியல்ல. 2019 ஜூன் மாதம் திருச்சியைச் சேர்ந்த 65 பேரின் வழக்கில் மதுரைக் கிளை கெடு வைத்தது. அவர்கள் கலெக்டரிடம் புது மனுக் கொடுக்க வேண்டும். கலெக்டர் தாமதம் இல்லாமல் டில்லிக்கு அனுப்ப வேண்டும். டில்லி 16 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்றது. கோர்ட்டுக்குப் போன 65 பேருக்குப் பொருந்தும் கெடு, பூலுவப்பட்டிப் பாட்டிக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

மனுவை வாங்கும்போதே ரசீது கொடுக்கட்டும். எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று அந்த ரசீதிலேயே எழுதட்டும். சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் மனுப் போட்ட கிழவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய மனுக்களை முதலில் எடுக்கட்டும்.