லிவர் கெட்டால் குடிகாரர் என்று யார் சொன்னது?



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நம் ஊரில் லிவர் கோளாறு என்றால் இரண்டே வாய்ப்பாடு. ஆண் என்றால் "குடிச்சிருப்பான்". பெண் என்றால் "கீழாநெல்லியை அரைச்சுக் குடி, சரியாப் போயிடும்". நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய மாதங்களை இந்த இரண்டும் சேர்ந்து தின்றுவிடுகின்றன.

போன மாதம் நம் உறவுக் குழுவில் ஒரு பெண்ணின் ரிப்போர்ட் பற்றிப் பேச்சு வந்தது. ஆறு மாதமாக எஸ்.ஜி.பி.டி. கூடுதல். ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை. வந்த பதில்கள்: கீழாநெல்லி, சீந்தில் கஷாயம், "கல்யாணம் பேசுற நேரம், வெளியே சொல்லாதே". ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தாயா என்று நான் கேட்டதற்கு, "மாமா, சும்மா பயமுறுத்தாதீங்க" என்றார்கள்.

பயமுறுத்தவில்லை. பாடம் சொல்கிறேன். கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி சிலருக்குத் தன் கல்லீரலையே அடிக்கும். அதுதான் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ். குடிப்பதால் வருவதல்ல. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ஸ்வீடன் மருத்துவர் வால்டன்ஸ்ட்ரோம் 1950-லேயே இளம்பெண்களிடம் இதைக் கண்டு சொன்னார். ரத்தத்தில் ஏ.என்.ஏ., ஏ.எஸ்.எம்.ஏ., எல்.கே.எம்.-1 ஆன்டிபாடிகளையும் ஐ.ஜி.ஜி. அளவையும் பார்த்தால் துப்பு கிடைக்கும்.

பித்தக் குழாய்களைத் தாக்கும் பி.பி.சி. இன்னொன்று. ஓயாத அரிப்பு, தீராத அசதி. "உடம்புச் சூடு" என்று எண்ணெய் தேய்த்து விடுவோம். அந்த நோயாளிகளில் 100-க்கு 90 பேருக்கு மேல் ஏ.எம்.ஏ. என்ற ஆன்டிபாடி இருக்கும். அதன் பழைய பெயரில் 'சிரோசிஸ்' என்ற சொல் இருந்ததால் குடிக்காதவர்களும் குடிகாரர் பட்டம் சுமந்தார்கள். நோயாளிகளே முயன்று 2015-இல் அதைக் 'கோலாஞ்சைடிஸ்' என்று மாற்ற வைத்தார்கள்.

"தாத்தாவுக்குக் கீழாநெல்லியில் சரியாச்சே?" என்பீர்கள். ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போகும். ஆட்டோஇம்யூன் அப்படியல்ல. கவனிக்காமல் விட்டால் சத்தமில்லாமல் தழும்பாகி சிரோசிஸில் கொண்டுபோய் விடும்.

சீந்திலா? அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்த ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் போன்ற அடையாளங்கள் இருந்தன. ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அந்த வழக்கு நடக்கட்டும். ஏற்கெனவே நொந்த கல்லீரலில் நாம் ஏன் பரிசோதனை நடத்த வேண்டும்?

பேக்கேஜ் செக்கப்பில் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்று வந்ததும் அழுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் அது குறைந்த அளவில் வரும். நெகட்டிவ் வந்தவருக்கும் நோய் இருக்கலாம். ஆன்டிபாடி ஒரு சாட்சி. தீர்ப்பு சொல்ல வேண்டியவர் கல்லீரல் மருத்துவர், தேவைப்பட்டால் பயாப்சி பார்த்து.

கண்டுபிடித்துவிட்டால் மருந்து இருக்கிறது. பிரட்னிசோலோன், அசதயோபிரின். பி.பி.சி.க்கு உர்சோ. பெரும்பாலோருக்கு நோய் அடங்கும். டாக்டர் சொல்லாமல் பாதியில் நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை வீட்டாருக்குப் பயந்து ஒரு பெண்ணின் கல்லீரலைப் பலி கொடுக்காதீர்கள். பல மாதமாக எஸ்.ஜி.பி.டி. இறங்கவில்லை, வைரஸும் இல்லை என்றால், "ஆட்டோஇம்யூன் பார்க்கலாமா டாக்டர்?" என்று வாய் திறந்து கேளுங்கள். வகுப்பில் கை தூக்கிக் கேட்கச் சொல்லிக் கொடுத்தது இதற்குத்தான்.