வீட்டு லேப்டாப்பில் இருப்பது நம்ம கணக்கு மட்டுமல்ல!

தோழர்களே,

திருப்பூரில் வீட்டு மாடியில் நடக்கும் ஜாப் ஒர்க் யூனிட். சிவகாசியில் ஒற்றை அறையில் நடக்கும் டிசைன் வேலை. நம்ம தெருவில் நாலு கடைக்குக் கணக்கு எழுதித் தரும் அக்கா. இவங்களுக்கெல்லாம் ஆபீஸ் எது? வீட்டு லேப்டாப்பும் கையில் இருக்கும் போனும்தான். பெரிய கம்பெனிக்குத் தனியா செக்யூரிட்டி டீம் இருக்கு. இவங்களுக்கு யார் இருக்கா?

அந்த லேப்டாப்பில் டேலி கணக்கு, ஜிஎஸ்டி லாகின், தொழிலாளர்களின் ஆதார் நகல், பாஸ்புக் நகல் எல்லாமே இருக்கு. சாயங்காலம் பையன் கேம் டவுன்லோட் பண்றதும் அதே லேப்டாப்பில்தான். தகவல் திருடு போனால் அடி வாங்குவது முதலாளி மட்டுமல்ல, நம்பி ஆதாரைக் கொடுத்த தையல் தொழிலாளியும்தான்.

2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. போடாமல் தள்ளிப் போட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். இப்போ விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. உங்க கம்ப்யூட்டர் எதில் ஓடுது, பார்த்தீங்களா?

செலவு அதிகமில்லாமல் இன்றைக்கே செய்யக் கூடியவை:

✅ தொழிலுக்குத் தனி யூசர் அக்கவுண்ட், தனி பாஸ்வேர்ட். கிராக் சாஃப்ட்வேர் வேண்டவே வேண்டாம்.

✅ வாரம் ஒருமுறை டேலி பேக்கப்பை வெளி ஹார்டு டிஸ்கில் எடுங்க. எடுத்ததும் கழற்றி வைங்க. மாட்டியே இருந்தால் வைரஸ் அதையும் பூட்டிவிடும்.

✅ ஜிஎஸ்டி பதிவில் இருக்கும் மொபைல் நம்பர் யாருடையது? எப்பவோ வேலையை விட்டுப் போனவருடையது என்றால் உடனே மாற்றுங்க. ஓடிபி அவருக்குத்தான் போகும்.

✅ "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு, இதில் பணம் போடுங்க" என்று சப்ளையர் பெயரில் மெயில் வந்தால், அந்த மெயிலில் உள்ள நம்பரை நம்பாதீங்க. உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கும் நம்பருக்குப் பேசி உறுதி செய்யுங்க.

✅ பேங்கில் இருந்து பேசுறேன் என்று யார் சொன்னாலும் எனிடெஸ்க் மாதிரி ஆப்பை இறக்காதீங்க.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம். உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. பணம் அடுத்தடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

ஜிஎஸ்டி, இ-வே பில், யுபிஐ என்று எல்லாவற்றையும் ஆன்லைனுக்கு மாற்றச் சொல்லும் அரசுகள், அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தவும் சொல்லித் தர வேண்டும். ஒவ்வொரு மாவட்டத் தொழில் மையத்திலும் இதற்கு இலவசப் பயிற்சி முகாம் நடத்த வேண்டும். இது சலுகை இல்லை, வரி கட்டும் சிறுதொழில் செய்வோரின் உரிமை!

அதுவரை நாம சும்மா இருக்கலாமா? கம்ப்யூட்டர் தெரிந்த ஒவ்வொரு தோழரும் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க தெருவில் ஒரே ஒரு சிறுதொழில் வீட்டுக்குப் போங்க. பாஸ்வேர்டைக் கேட்காதீங்க, அவங்களையே டைப் பண்ணச் சொல்லுங்க. பக்கத்தில் இருந்து மேலே சொன்ன ஐந்தையும் சரிபார்த்துக் கொடுங்க. ஒரு மணி நேரம் போதும்.

பகிருங்கள், செயல்படுங்கள்!

#சிறுதொழில்_காப்போம்